பைபர் படகில் ஒட்டு நிற்கும் வகை

ஆயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட நமது மாநிலக் கடற்கரையில், கட்டுமரங்களும் மர வல்லங்களும் ஒரு காலத்தில் நிறைந்திருந்த மணல்மேட்டில், இன்று கண்ணாடியிழைப் படகுகளே பெரும்பாலும் ஏற்றி வைக்கப்பட்டிருப்பதைக் காண்கிறோம். மீனவர்கள் இதனைப் பைபர் படகு என்றே அழைப்பதால் நாமும் அப்பெயரையே இங்குக் கையாளுவோம். 1979ஆம் ஆண்டில் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கப்பெற்ற, ஐக்கிய நாடுகள் உணவு வேளாண்மை நிறுவனத்தின் வங்காள விரிகுடாத் திட்டத்தினர், அலையைக் கடந்து மணலில் ஏறக்கூடிய புதுவகைப் படகுகளை உருவாக்குவதில் ஈடுபட்டனர். பின்னர் 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை வந்து கரையிலிருந்த கலங்களை அழித்தபோது, நிவாரணமாக வந்தவற்றுள் மிகப் பல பைபர் படகுகளாகவே இருந்தன. அவசரத்தில் கட்டப்பட்டமையால் அவற்றுள் தரம் குன்றியவையும் கலந்திருந்தன.

படகு புதிதாக இருக்கும் வரையில் தொல்லை இல்லை. நாள்தோறும் மணலில் இழுக்கப்படுவதால் அடிப்பாகம் தேய்கிறது. பாறையிலோ மற்றொரு படகிலோ மோதினால் உடல் விரிசல் காண்கிறது. எஞ்சின் பொருத்தியுள்ள பின்புறம் அதிர்வினால் இளகுகிறது. அப்போது ஒட்டுப் போட வேண்டியதாகிறது. இந்த ஒட்டு ஏன் சில படகுகளில் பல ஆண்டுகள் நிலைக்கிறது, சிலவற்றில் ஏன் சில நாட்களில் கழன்று விழுகிறது என்பதையே இக்கட்டுரையில் ஆராயப் புகுகிறோம். கடலோர ஊராட்சி அங்கத்தினர்கள் இதனை அறிந்திருத்தல் அவசியம். உள்நாட்டு விவசாய நண்பர்களுக்கும் இதில் ஒரு பயன் உண்டு. அதனை உரிய இடத்தில் கூறுவோம்.

நாம் பணியாற்றும் ஒன்றியத்தில் நிகழ்ந்ததொன்றை முதலில் சொல்லுகிறோம். மைத்துனர் இருவர் சங்கக் கடனில் வாங்கிய படகு ஒன்றின் அடிப்பாகத்தில், உள்ளங்கை அகலத்திற்கு ஓட்டை விழுந்தது. அவர்கள் கடையில் இரண்டு குழாய்களாக விற்கும் எபாக்சிப் பசையை வாங்கிக் குழைத்து அடைத்தனர். மறுநாள், உறுதிக்காக அதன் மேல் வழக்கமான பாலியெஸ்டர் ரெசினைக் கொண்டு மூன்று அடுக்கு மேட் ஒட்டினர். பார்வைக்கு வேலை நேர்த்தியாகவே இருந்தது. நான்காம் நாள், கரையிலிருந்து ஏழெட்டுக் கிலோமீட்டர் தொலைவில் வலை வாங்கிக்கொண்டிருக்கையில் ஒட்டு முழுவதும் தட்டுப் போலக் கழன்றது. மூவர் நீரை இறைக்க ஒருவர் ஓட்டையில் சட்டையைத் திணித்துப் பிடித்துக்கொண்டிருந்தாராம். அருகில் மற்றொரு படகு இருந்தமையால் நால்வரும் உயிருடன் கரை சேர்ந்தனர். வலை போயிற்று; எஞ்சினுள் உப்புநீர் புகுந்தது; கடன் மட்டும் அப்படியே நின்றது.

ஓட்டைக்குள் தொங்கிக்கொண்டிருந்த அவ்வொட்டினை அவர்கள் எடுத்து வைத்திருந்து நம்மிடம் காட்டினர். “ஐயா, போட்டப்ப கல்லு மாதிரி இருந்துச்சு” என்றார் மூத்தவர். மேற்புறம் கல்லைப் போன்றே இருந்தது. திருப்பிப் பார்த்தபோது, எபாக்சியின் மேல் படிந்திருந்த நடுப்பகுதி விரலில் ஒட்டும்படி பிசுபிசுப்பாக இருந்தது. சுற்றிலும் பழைய படகின் மேல் படிந்திருந்த பகுதியோ கண்ணாடி போல் பளபளத்தது. அவ்வொட்டின் அடிப்புறத்திலேயே இந்தப் பாடம் முழுவதும் எழுதியிருந்தது எனலாம். நாம் கல்லூரியில் இரசாயனம் பயின்றவரே. ஆயினும் அதனைப் படித்துக் காட்டியவர், படகுக் கொட்டகையில் பல்லாண்டு வேலை செய்த மேஸ்திரி ஒருவரே ஆவார்.

ஒட்டு ஏன் கழலுகிறது?

பைபர் படகின் உடல் கண்ணாடி இழைகளைப் பாலியெஸ்டர் ரெசினில் தோய்த்து, அடுக்கடுக்காகப் படியவைத்துச் செய்யப்படுவது. ரெசினுடன் ஸ்டைரீன் என்னும் திரவம் கலந்திருக்கும். கோபால்ட் சேர்க்கப்பட்ட ரெசினில் நூற்றுக்கு 1 முதல் 2 பங்கு வரை கேட்டலிஸ்ட் விட்டவுடன், ரெசினும் ஸ்டைரீனும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கெட்டிப்படுகின்றன. ஓர் அடுக்கு முற்றிலும் இறுகுமுன் அடுத்த அடுக்கைப் போட்டால், இரண்டும் கலந்து ஒரே பொருளாகிவிடும். புதுப் படகு கட்டுகையில் நிகழ்வது இதுவே.

மாதக்கணக்கில் இறுகிவிட்ட பழைய படகில் அவ்வாறு நிகழ்வதில்லை. அங்குப் பின்னிக்கொள்வதற்குரிய முனைகள் பெரும்பாலும் தீர்ந்துபோயிருக்கும். புதிய பாலியெஸ்டர் அதன் மேல் பசையைப் போல ஒட்டிக்கொள்ளுமேயன்றி, அதனோடு ஒன்றாகாது. பாலியெஸ்டரோ பசை என்ற முறையில் சிறந்ததன்று. இறுகும்போது அது கன அளவில் ஏறத்தாழ நூற்றுக்கு 5 முதல் 8 பங்கு வரை சுருங்குகிறது. சுருங்கும் பொருள் தன் விளிம்புகளைத் தானே உள்நோக்கி இழுக்கிறது. ஆதலின் அலை அடிக்குமுன்னரே அவ்வொட்டு கழலுவதற்கு ஆயத்தமாக இருக்கிறது என்னலாம்.

எபாக்சி வேறு இனம். அதில் ஸ்டைரீன் இல்லை. ரெசினும் ஹார்டனரும் குறித்த விகிதத்தில் கூடி, இரண்டுமே அப்பொருளின் உறுப்பாகிவிடுகின்றன. அது மிகக் குறைவாகவே சுருங்கும். சிறிது வளைந்து கொடுக்கும். மரம், உலோகம், இறுகிய பாலியெஸ்டர் ஆகியவற்றைச் செம்மையாகப் பற்றிக்கொள்ளும். பழைய பைபர் உடலின் மேல் போடும் ஒட்டுக்குப் பாலியெஸ்டரைவிட எபாக்சியே உறுதியானது என்பதில் படகு வேலை அறிந்தோரிடையே கருத்து வேற்றுமை இல்லை.

இங்குத்தான் மைத்துனர்கள் இடறினர். பாலியெஸ்டர் மீது எபாக்சி நன்றாகப் பற்றும். ஆனால் எபாக்சி மீது பாலியெஸ்டர் பற்றும் என்று நம்புதல் கூடாது. எபாக்சி ஹார்டனரில் உள்ள அமீன் என்னும் பொருள் மேற்பரப்பில் சிறிதேனும் எஞ்சியிருந்தால், அது பாலியெஸ்டரின் கேட்டலிஸ்டைக் கெடுத்துவிடும். தொடும் இடத்தில் பாலியெஸ்டர் இறுகாமல் பிசுபிசுப்பாகவே நின்றுவிடும். மேலே கல், கீழே பிசின். நன்கு இறுகிய எபாக்சியைக் கழுவித் தேய்த்து அதன் மேல் பாலியெஸ்டர் போட்டால் ஓரளவு பிடிக்கும் என்பாரும் உளர். பிடிக்கலாம், எனினும் நீர்மட்டத்திற்குக் கீழே, மனித உயிரை நம்பி வைக்கும் இடத்தில், அந்தச் சோதனை வேண்டா என்பதே நமது கருத்து. ஓரிடத்தில் எபாக்சி தொட்டுவிட்டால் அதற்குப்பின் அங்கு வரும் அடுக்குகள் யாவும் எபாக்சியாகவே இருத்தல் வேண்டும்.

ஒட்டின் சுற்றுப்புறம் பளபளத்ததற்குக் காரணம் வேறு. அங்குப் பழைய உடல் தேய்க்கப்படவே இல்லை. கந்தைத் துணியால் துடைத்ததோடு சரி. எபாக்சியைப் போட்டிருந்தாலும் அவ்விடம் கழன்றேயிருக்கும்.

இடத்தை ஆயத்தம் செய்தல்

எந்த ரெசினை வாங்குவது என்று ஆராய்பவர்கள், அதனைப் போடும் இடத்தைப் பற்றி அத்துணை ஆராய்வதில்லை. நாம் கண்டவரையில், கெட்டுப்போன ஒட்டுகளில் பெரும்பாலானவை ஆயத்தம் செய்வதில் காட்டிய அவசரத்தால் கெட்டவையே.

முதலில் படகை நிழலில் ஏற்றி நல்ல நீரால் கழுவ வேண்டும். உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். கடல்நீரால் கழுவுதல் கழுவாமலிருப்பதற்குச் சமம். பின்னர் உலரவிட வேண்டும். விரிசல் வழியே நீர் உள்ளடுக்குகளில் புகுந்திருக்குமாதலால் ஓரிரு மணி நேரம் போதாது. சில நாட்கள் தேவைப்படும். உலர்ந்துவிட்டதா என்று அறிய எளிய வழி உண்டு. ஒரு சாண் பாலிதீன் தாளை அவ்விடத்தில் வைத்து நான்கு விளிம்பையும் நாடாவினால் ஒட்டி, ஓர் இரவு விட்டுப் பார்க்கலாம். தாளின் உட்புறம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் இன்னும் காத்திருக்க வேண்டும்.

அடுத்தது மெழுகும் எண்ணெயும். பாலியெஸ்டர் காற்றுப் பட்ட முகத்தில் சரியாக இறுகாது; ஆகையால் கடைசி அடுக்கில் சிறிது மெழுகு கலப்பதுண்டு. அம்மெழுகு மேலே மிதந்து படலமாகிக் காற்றைத் தடுக்கும். அச்சில் வார்த்த வெளிப்புறத்தில் அச்சுக்குப் பூசிய மெழுகு ஒட்டியிருக்கும். எஞ்சின் பக்கத்தில் டீசலும் மண்ணெண்ணெயும் ஊறியிருக்கும். இவை உள்ள இடத்தில் நேரே உப்புத்தாளைப் போட்டுத் தேய்த்தால் மெழுகு போகாது; தாள் கீறிய கோடுகளுக்குள் அழுந்திப் புகுந்துகொள்ளும். ஆதலின் துடைத்த பின்னரே தேய்த்தல் வேண்டும். அசிட்டோனில் நனைத்த துணியால் துடைத்து, அது காயுமுன்னரே வேறொரு சுத்தமான உலர்ந்த துணியால் வழித்தெடுக்க வேண்டும். ஒரே துணியைக் கொண்டு முழுப் படகையும் துடைப்பது மெழுகைச் சமமாகப் பங்கிட்டுப் பூசுவதாகும்.

பிறகு தேய்த்தல். வண்ணமும் ஜெல்கோட்டும் முற்றிலும் போய், இழைகளோடு கூடிய உடல் வெளிப்படும் வரை கிரைண்டரால் எடுத்து, இறுதியில் 80ஆம் எண் உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். தேய்த்த இடம் எங்கும் பளபளப்பின்றி மங்கலாக இருத்தல் வேண்டும். ஓரிடம் மின்னினாலும் அவ்விடம் இன்னும் தேய்க்கப்படவில்லை என்று கொள்க. நொறுங்கி வெளுத்துப்போன அடுக்குகளைத் தயங்காமல் வெட்டி எடுத்துவிட வேண்டும். நோயுற்ற கிளையின் மேல் ஒட்டுக் கட்டும் தோட்டக்காரர் எவரும் இலர்.

ஓட்டையின் விளிம்பைச் செங்குத்தாக விடாமல் சரிவாகத் தேய்ப்பது முக்கியம். உடலின் கனத்தைப் போல் 12 மடங்கு அகலத்திற்குச் சரிவு அமைப்பது நல்ல வேலையின் அடையாளம். உடல் 5 மில்லிமீட்டர் கனமானால் நாற்புறமும் 60 மில்லிமீட்டர் சரிவு வேண்டும். அதாவது 100 மில்லிமீட்டர் ஓட்டைக்கு, தேய்த்த வட்டம் 220 மில்லிமீட்டராக வரும். “சின்ன ஓட்டைக்கு இவ்வளவு இடத்தைக் கெடுக்கிறாரே” என்று படகுக்காரர்கள் முணுமுணுப்பது வழக்கம். ஒட்டின் பலமெல்லாம் அந்த அகலத்திலேதான் இருக்கிறது.

இந்த வேலையில் எழும் கண்ணாடித் தூள் கண்ணுக்கும் மூச்சுக்கும் கெடுதி செய்வது. கண்ணாடியும் முகமூடியும் அணியாமல் கிரைண்டரைத் தொடலாகாது. தேய்த்த பின் தூளை நன்றாக அகற்றி, அன்றே ஒட்டுப் போட்டுவிட வேண்டும். இரவு முழுவதும் கடற்காற்றில் விட்டால் மீண்டும் உப்புப் படியும்.

அளவும் துணியும்

பாலியெஸ்டரில் பழகிய கை எபாக்சிக்கு வரும்போது செய்யும் முதற்பிழை, கண்ணளவாக ஹார்டனர் ஊற்றுவதாகும். பாலியெஸ்டரில் கேட்டலிஸ்ட் சற்றுக் கூடினால் விரைவில் இறுகும், குறைந்தால் தாமதிக்கும். எபாக்சி அத்தகைய சலுகை அளிப்பதன்று. ஹார்டனரை மிகுதியாக ஊற்றினால் மிகுந்தது கூடுவதற்கு இணையின்றி உள்ளேயே தங்கி, ஒட்டினை மெத்தெனச் செய்துவிடும். தயாரிப்பாளர் 100க்கு 10 என்றோ, 5க்கு 1 என்றோ, 2க்கு 1 என்றோ குறித்திருப்பார். அது எடையா, கன அளவா என்பதையும் பார்த்து அவ்வண்ணமே அளக்க வேண்டும். ஒரு சிறு மின்தராசு இருந்தால் போதும். கலக்கும்போது பாத்திரத்தின் அடியையும் ஓரத்தையும் வழித்து, இரண்டு மூன்று நிமிடம் நிதானமாகக் கலக்க வேண்டும்.

நமது வெயிலில் மற்றொன்றையும் நினைவிற்கொள்க. வெப்பம் 10 டிகிரி உயர்ந்தால் கலவையின் கைவேலை நேரம் ஏறத்தாழப் பாதியாகிவிடுகிறது. ஆழமான டப்பாவில் நிறையக் கலந்தால் தன் சூட்டிலேயே கொதித்துப் புகைந்துவிடும். சிறிது சிறிதாகக் கலந்து, அகலமான தட்டில் பரப்பிக்கொண்டு, காலை வேளையிலோ மாலையிலோ வேலை செய்தல் நலம்.

துணியிலும் ஒரு மறைபொருள் உண்டு. கொட்டகைகளில் மலிவாகக் கிடைக்கும் மேட் என்பது நறுக்கிய இழைகளை ஒருவிதப் பசையால் சேர்த்து வைத்தது. அப்பசை ஸ்டைரீனில் கரைந்து, மேட் நெகிழ்ந்து படியும். எபாக்சியில் ஸ்டைரீன் இல்லாமையால் பசை கரையாது. மேட் விறைப்பாக நின்று, நனையாமல் வெள்ளை வெள்ளையாகக் காற்றுப் பிடித்துக்கொள்ளும். ஆகவே எபாக்சிக்கு நெய்த துணியோ ரோவிங்கோ, தையலிட்ட இழைத்துணியோதான் உகந்தது. முதலில் தேய்த்த இடத்தில் வெறும் எபாக்சியைத் தூரிகையால் அழுத்திப் பூசிக்கொண்டு, அது காயுமுன் துணித் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக இட வேண்டும். பெரிய துண்டை முதலிலும் சிறியதைப் பின்னரும் இடுவது நன்று. பெரிய துண்டு சரிவு முழுவதையும் பற்றிக்கொள்ளும். இறுதியில் மேடு தேய்க்கும்போது அது வெட்டுப்படாது. ரோலரால் காற்றை வெளியேற்ற வேண்டும்.

எல்லா அடுக்கையும் ஒரே நாளில் முடிக்க இயலாதாயின், மறுநாள் மேற்பரப்பில் கைக்கு வழவழப்பாக ஒரு படலம் தென்படலாம். காற்றில் ஈரம் மிகுந்த நாட்களில் இது அதிகம். அமீன் வெளிப்பட்டுப் படிந்த படலம் அது. அசிட்டோன் இதற்குச் சரியான மருந்தன்று. வெறும் நீரும் தேய்க்கும் நாரும் கொண்டு கழுவி, உலர்த்தி, பிறகு உப்புத்தாளால் தேய்த்தே அடுத்த அடுக்கைப் போட வேண்டும்.

முடிந்த வேலைக்கு மேற்பூச்சு அவசியம். எபாக்சி நீரைத் தாங்குவதைப் போல் வெயிலைத் தாங்காது. நாளடைவில் சுண்ணாம்பு போல் பொடிந்துவிடும். ஆனால் வழக்கமான ஜெல்கோட்டை அதன் மேல் பூச எண்ணுவோர், ஜெல்கோட்டும் பாலியெஸ்டரே என்பதை மறந்துவிடுகின்றனர். எபாக்சிக்கு ஏற்ற முதற்பூச்சின் மேல், இரண்டு பகுதிகளாக வரும் பாலியூரித்தேன் வண்ணம் அடிப்பதே முறை. கைக்குக் கெட்டியாகத் தோன்றினாலும் எபாக்சி முழு வலிமை பெற ஏறத்தாழ ஒரு வாரமாகும். அதற்குள் படகைக் கடலில் இறக்குவது கூடாது. ஒரு வாரத் தொழில் நட்டம் என்பது சிறிய சொல்லன்று என்பதை நாம் அறிவோம். ஆயினும் வேறு வழி இல்லை.

எல்லாவற்றிற்கும் எபாக்சி வேண்டுமா? வேண்டியதில்லை. அதன் விலை பாலியெஸ்டரைவிட மிக அதிகம். நீர்மட்டத்திற்கு மேலுள்ள கீறல், மீன் பெட்டியின் மூடி, உட்பலகை ஆகியவற்றுக்கு, நன்றாகத் தேய்த்த இடத்தில் போடும் பாலியெஸ்டர் ஒட்டே போதுமானது. நீர்மட்டத்திற்குக் கீழுள்ள ஓட்டை, மணலில் தேயும் அடிப்பாகம், எஞ்சின் தாங்கும் பின்புறம், மரமும் பைபரும் சேருமிடம் ஆகியவற்றில் சிக்கனம் பார்ப்பது தகாது.

விவசாயிகளுக்குச் சொல்வதாகக் கூறியது சாண எரிவாயுக் கலத்தைப் பற்றியது. மிதக்கும் மூடி கொண்ட கலங்களில் இரும்பு மூடிக்குப் பதிலாகப் பைபர் மூடி பொருத்தப்பட்டிருப்பதுண்டு. அது விரிசல் விட்டு வாயு கசிந்தால், மேற்கூறிய முறையிலேயே எபாக்சியால் ஒட்டலாம். மூடியைக் கழற்றித் தொலைவில் திறந்த வெளிக்குக் கொண்டுசென்று, வாயு முற்றிலும் வெளியேறிய பின்னரே கிரைண்டர் வைக்க வேண்டும் என்பதை மட்டும் மறவாதீர்கள். வீட்டு மாடியிலுள்ள கறுப்புப் பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி இவ்வகையைச் சேர்ந்ததன்று. அது பாலிதீன் இனம். அதன் மேல் இவ்விரண்டு ரெசினும் பிடிக்கா.

மருந்துகளைக் கையாளுவது பற்றிச் சில சொற்கள். பாலியெஸ்டருக்குரிய கோபால்ட்டையும் கேட்டலிஸ்டையும் நேரடியாக ஒன்றோடொன்று கலத்தல் ஒருபோதும் கூடாது. தீப்பற்றும், வெடிக்கவும் கூடும். இரண்டையும் தனித்தனி இடத்தில் வைக்க வேண்டும். கேட்டலிஸ்ட் ஒரு துளி கண்ணில் தெறித்தாலும் பார்வைக்கு ஆபத்து. உடனே நீரால் நெடுநேரம் கழுவி மருத்துவரிடம் செல்ல வேண்டும். எபாக்சியோ தோலில் மெல்லப் பகை கொள்வது. இன்று ஒன்றும் செய்யாது. பல மாதம் வெறுங்கையால் வேலை செய்தவருக்கு ஒரு நாள் கை முழுவதும் தடித்து, அதற்குப்பின் எபாக்சியின் அருகே செல்லவே இயலாமற் போகும். கையுறை அணிதல் வேண்டும். தோலில் பட்டுவிட்டால் சோப்பும் நீரும் கொண்டு கழுவ வேண்டும்; அசிட்டோனால் கையைக் கழுவினால் அது எபாக்சியைத் தோலுக்குள்ளேயே செலுத்திவிடும்.

ஊராட்சியோ சங்கமோ பழுதுபார்ப்புக்குப் பணம் உதவும் இடங்களில், வேலை ஏற்பவரை ஒரு சோதனை காட்டும்படி கேட்கலாம். அதே படகில், ஓட்டைக்குச் சற்றுத் தள்ளி, ஒரு கையகல இடத்தை அதே முறையில் துடைத்துத் தேய்த்து ஒரு துண்டுத் துணியை ஒட்ட வேண்டும். துணியின் ஒரு முனை இரண்டு விரற்கடை அளவு ஒட்டாமல் வெளியே நிற்கும்படி அடியில் பாலிதீன் தாளை வைத்துக்கொள்ள வேண்டும். நன்கு இறுகிய பின் அம்முனையைக் குறட்டால் பற்றி உரித்துப் பார்க்கலாம். சுத்தமாக உரிந்து வந்தால் ஆயத்தம் தவறானது. பழைய உடலின் இழைகளையும் பிய்த்துக்கொண்டு வந்தால் ஒட்டு உடலைவிட வலியது.

மைத்துனர்களின் படகு மறுபடியும் அம்மேஸ்திரியின் கொட்டகைக்கு வந்தது. பழைய எபாக்சிப் பசை முழுவதையும் அவர் வெட்டியெடுத்தார். பிசுபிசுப்பு இருந்த இடத்தைச் சுற்றி மேலும் நான்கு விரற்கடை தேய்த்தார். ஐந்து நாள் உலர்த்தலுக்கே போயிற்று. இளையவர் பொறுமையிழந்து நாள்தோறும் வந்து பாலிதீன் தாளைத் தூக்கித் தூக்கிப் பார்த்ததில், ஒரு முறை நாடா கழன்று மறுபடியும் ஓர் இரவு காத்திருக்க நேர்ந்தது. ஒட்டுப் போட்ட பின் சோதனைத் துணியை உரிக்கும் நாளில் ஊராட்சித் தலைவரும் நாமும் உடனிருந்தோம். மேஸ்திரி காலைப் படகில் ஊன்றிக்கொண்டு குறட்டால் இழுத்தார். முதல் இழுப்பில் வரவில்லை. இரண்டாம் முறை மூத்த மைத்துனரும் சேர்ந்து இழுக்க, துணி பிய்ந்து வந்தது. அதன் அடியில் பழைய படகின் இழைகள் வெள்ளை மயிர் போல் ஒட்டிக்கொண்டிருந்தன. அந்தச் சிறு பள்ளத்தையும் மூடி, வண்ணம் அடித்து, ஒட்டுப் போட்டு ஒரு வாரம் நிறைந்த பின்னர் படகு நீரில் இறக்கப்பட்டது.